குதிரைக் கப்பலும் குதிரை லொறியும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. யானை, குதிரை ஏற்றிவரும் வெளிநாட்டு வணிகரின் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்குதான் அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. வணிகர் வந்து கூடவேண்டிய துறையாக அதில் சொல்லப்படுவது அனலைதீவுக்குக் கிழக்கே தெரியும் ஊர்காவற்றுறை.

யானையும் குதிரையும் வேண்டும் என்பதால்தான் அரசன் இந்தச் சலுகையைக் கொடுத்தான். குதிரையை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது அவ்வளவு பாடு. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் கோளாறென்றால் அதுவே உயிரை எடுத்துவிடும்.

இன்று கடலின் இடத்தில் தெரு. ஆபத்து மட்டும் குறையவில்லை. உடற்பாரத்தில் ஏறத்தாழ 60 வீதத்தைக் குதிரை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. சாரதி சட்டென்று பிரேக் போட்டால் முதலில் சறுக்குவதும் அவைதான். இந்தியாவின் 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் லொறித் தளத்தில் வழுக்காத விரிப்பு, குதிரைகளுக்கிடையே 8 சென்ரிமீற்றர் தடிப்புள்ள மூங்கில், ஒரு லொறியில் ஆறுக்கு மேற்படாத குதிரைகள், மணிக்கு 35 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகம் என்று கேட்கின்றன. எதிரே வரும் வாகனங்களைக் கண்டு மிரளாதபடி முகம் இடப்பக்கம் இருக்கவேண்டுமாம். நல்ல யோசனை.

பலர் கவனிக்காதது கயிறு. தலையைத் தாழ்த்தித்தான் குதிரை மூச்சுக்குழாயின் சளியையும் தூசியையும் வெளியேற்றும். குட்டையாகக் கட்டி நாள்முழுக்க ஓட்டினால் கிருமி நுரையீரலில் இறங்கி, போய்ச்சேர்ந்த பிறகு காய்ச்சலில் விழும். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தலையைத் தாழ்த்த விட்டு, தண்ணீர் காட்டவேண்டும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழவேண்டும்.

நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலக் குதிரை வளர்ப்பின் மிச்சமாகக் கட்டாக்காலிக் குதிரைகள் திரிகின்றன. கோடையில் அவை தண்ணீரின்றிச் சாகும்போது, வேறிடம் கொண்டுபோனால் என்ன என்று கேட்கத் தோன்றும். கயிறே படாத குதிரையைப் பிடித்து, கூட்டத்திலிருந்து பிரித்து, குறிகட்டுவானுக்குப் படகிலும் பிறகு லொறியிலும் ஏற்றவேண்டும். தாகத்தில் மெலிந்தது அதைத் தாங்காது. அவற்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோவதுதான் சுலபம்: மேய்ச்சல் வெளியில் தொட்டி, கோடை முடியும்வரை அதை நிரப்ப ஒரு பவுசர்.