ஆபிரகாமை இருவரும் சாட்சிக்கு அழைக்கிறார்கள்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கிற விஷயம் இது.

வேதாகமத்தை அக்கறையாகப் படிக்கத் தொடங்குகிற எவரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். இரட்சிப்பு எதனால்? ரோமர் 3:28-ல் பவுல், விசுவாசத்தினால்தான் என்று அடித்துச் சொல்கிறார். நியாயப்பிரமாணத்தின் கிரியைகளுக்கு அங்கே இடமில்லை. யாக்கோபு 2:24-க்கு வாருங்கள். கிரியைகளும் வேண்டும், விசுவாசம் மட்டும் போதாது என்கிறது அது. ‘விசுவாசம் மட்டும்’ என்ற பேச்சு புதிய ஏற்பாட்டிலேயே நேரடியாக வருகிற ஒரே இடம் இதுதான். அதுவும் மறுப்பதற்காக வருகிறது!

இதைவிடச் சங்கடம் ஒன்று உண்டு. பவுலும் யாக்கோபும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆளை, ஆபிரகாமை. இருவரும் காட்டுவது ஒரே வசனத்தை, ஆதியாகமம் 15:6-ஐ. ஆபிரகாம் கர்த்தரை நம்பினார், அந்த நம்பிக்கை அவருக்கு நீதியாகக் கணக்கிடப்பட்டது என்று அங்கே இருக்கிறது. ஒரே சாட்சி, ஒரே வாக்குமூலம். தீர்ப்பு மட்டும் இரண்டா?

முதலில் பவுலின் வாதத்தைப் பார்ப்போம். ரோமர் 4-ல் அவர் செய்வது ஒரு காலக்கணக்கு. ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது 15-ம் அதிகாரத்தில். விருத்தசேதனம் பெற்றதோ 17-ம் அதிகாரத்தில், 99 வயதில். இடையில் 16-ம் அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு 86 வயது. ஆக, ஆதியாகமம் சொல்கிற வரிசைப்படி இரண்டுக்கும் நடுவே குறைந்தது 13 வருடங்கள். அடையாளம் பின்னால் வந்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டது முன்னாலேயே. அப்படியானால் விருத்தசேதனம் இல்லாத புறஜாதியாருக்கும் ஆபிரகாம் தகப்பன்தானே? இதுதான் பவுல் கேட்கிற கேள்வி.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது கலாத்தியர் 2-ல் தெரிகிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து (நிருபத்தை எழுதியவரும் இவரே என்பது மரபு) சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். புறஜாதியார் சபைக்குள் வர முதலில் யூதராக மாற வேண்டுமா என்பதே அன்றைய சண்டை. கிரியைகள் என்று பவுல் எழுதும்போது விருத்தசேதனம், உணவு விதிகள், நாள் பார்ப்பது ஆகியவை அவர் மனதில் முன்னே நிற்கின்றன. அதோடு முடிந்துவிட்டது என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. ரோமர் 4:4-ல் அவர் கூலியைப் பற்றிப் பேசுகிறார். உழைத்தவனுக்குக் கூலி கடன், கிருபை அல்ல. கடவுளிடம் கணக்கு நோட்டை நீட்டுகிற எந்த மனிதனையும் அது தொடுகிறது.

யாக்கோபுக்கு முன்னால் இருப்பவர்கள் வேறு ஆட்கள். பணக்காரருக்கு நல்ல இருக்கை, ஏழைக்குத் தரையில் இடம் என்று சபையில் பாகுபாடு காட்டுகிறவர்கள். துணியில்லாமல், அன்றைய சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் நிற்கிற சகோதரனைப் பார்த்து, போய் குளிர்காய்ந்து வயிறாரச் சாப்பிடு என்று வாழ்த்தி அனுப்பிவிடுகிறவர்கள். கையில் ஒன்றும் கொடுப்பதில்லை. கடவுள் ஒருவரே என்பதைப் பிசாசுகளும்தான் நம்புகின்றன, நம்பி நடுங்கவும் செய்கின்றன என்று யாக்கோபு குத்துகிறார். அவர் சுட்டும் ஆபிரகாம் ஆதியாகமம் 22-ம் அதிகாரத்து ஆபிரகாம், மகனைப் பலியிடக் கூட்டிக்கொண்டு மோரியா தேசத்து மலைக்கு ஏறுகிறவர். 15-ம் அதிகாரத்தில் சொன்ன நம்பிக்கை உயிரோடு இருந்ததா என்பது அங்கேதான் தெரிந்தது என்கிறார்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியவரிடம் டாக்டர் இனிப்பைத் தொடாதே என்பார். சர்க்கரை இறங்கி மயங்குகிறவருக்கு உடனே இனிப்பு கொடு என்பார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் முரண்படுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. நிருபங்களைப் படிக்கும்போது மட்டும் நாம் நோயாளியைப் பார்க்காமல் சீட்டை மட்டும் படிக்கிறோம்.

அதற்கு நம் பழக்கமும் ஒரு காரணம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, அதிலுள்ள ஒரு வசனத்தை வருடம் முழுக்கச் சுமக்கிறோம். ஆறுதலுக்கு அது சரி, உபதேசத்துக்குப் போதாது. பவுல் எழுதியபோது வசன எண்களே கிடையாது. அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டுக்கு உரியது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டது 1551-ல். அவை இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் எண்கள், அவ்வளவுதான்.

பெரிய அறிஞர்களும் இங்கே தடுமாறியிருக்கிறார்கள். மார்ட்டின் லூத்தர் 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்டபோது, முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசிக்குத் தள்ளி, பொருளடக்கத்தில் எண் இல்லாமல் விட்டார். அவசரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முரண்பாடே இல்லை என்று மழுப்புகிற போதகர்களைவிட அவர் நேர்மையானவர். அதே பதிப்பில் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், உண்மையான விசுவாசம் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்கிறார் அதே லூத்தர். யாக்கோபு கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

கத்தோலிக்கத் தரப்பு 1547 ஜனவரியில் திரெந்து சங்கத்தில் பதில் தந்தது. மனிதன் தன் கிரியைகளால் மட்டும், கிருபை இல்லாமல், நீதிமானாக முடியும் என்பதை அது மறுத்தது. விசுவாசம் மட்டும் போதும் என்பதையும், அது விளங்கிக்கொண்ட பொருளில், மறுத்தது. சுமார் நானூற்றைம்பது வருடங்கள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த உபதேசம் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையால், நம் தகுதியால் அல்ல. அந்தக் கிருபை நற்கிரியைக்கு நம்மைத் தயாராக்குகிறது என்பது சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. அறிக்கையே அதை ஒளிக்கவில்லை.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தால், கலாத்தியரையும் யாக்கோபையும் தனித்தனியாக, ஒரே மூச்சில், வசன எண்களைக் கண்டுகொள்ளாமல் படியுங்கள். யாக்கோபு ஐந்தே அதிகாரம். இன்னொரு டீ குடிக்கிற நேரம்தான். படிக்கும்போது கலாத்தியர் 2:10-ல் நில்லுங்கள். யாக்கோபும் பேதுருவும் யோவானும் பவுலுக்குக் கைகொடுத்து ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள்: ஏழைகளை மறக்காதே. அதைச் செய்யத்தான் தானும் ஆவலாயிருந்ததாகப் பவுல் எழுதுகிறார். பிறகு ரோமர் 15:25-ஐப் புரட்டுங்கள். கிரியைகளால் அல்ல என்று அத்தனை அதிகாரம் வாதாடிய அதே நிருபத்தை எழுதி முடிக்கும் நேரத்தில், மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்த காணிக்கையை எருசலேம் சபையின் ஏழைகளுக்குக் கொடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார் பவுல். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் அவர் யாரைப் பார்க்கப் போனார் என்பது அப்போஸ்தலர் 21:18-ல் இருக்கிறது: யாக்கோபை.