வெர்னாட்ச்: ஒரு லேசான ஒயினும் நமது கலயமும்

திருவெள்ளறை நாலுமூலைக் கேணிக்குப் பக்கத்தில், மர நிழலில், ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இளம் வயதில் பனையேறியவர். என் கையில் ஒரு கிலோ கம்பம் பன்னீர் திராட்சை. இரண்டு பேரும் தின்றுகொண்டிருந்தோம். "இதுல சாராயம் எடுப்பாங்களாமே தம்பி?" என்றார். "சாராயம் இல்லீங்கய்யா, ஒயின்." "ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?" "சாராயம் காய்ச்சி எடுக்குறது. ஒயின் புளிக்க வைக்கிறது, அவ்வளவுதான்." அவர் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அப்ப நம்ம கள்ளுன்னு சொல்லுங்க."

அந்த 'அப்ப'வை விரித்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் தின்ற திராட்சைக்கு 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று பெயர். மரபணுச் சோதனைகள் இதன் பெற்றோரைக் காட்டியிருக்கின்றன. ஒன்று 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா'. மற்றது, ஆல்ப்ஸ் மலைச் சரிவில், இன்றைய வட இத்தாலியின் தென் டைரோல் பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பயிராகும் 'ஸ்கியாவா கிராஸ்ஸா'. ஸ்கியாவா வகைகளை அங்கே ஜெர்மன் பேசும் விவசாயிகள் 'வெர்னாட்ச்' என்கிறார்கள். ஆக, கம்பம் பன்னீருக்கு ஆல்ப்ஸில் ஒரு பிறந்தவீட்டுச் சொந்தம் இருக்கிறது. வளர்ப்பு முறையும் அந்நியமில்லை: கம்பத்தில் பந்தல், அங்கே 'பெர்கோலா' என்ற மரச்சட்டப் பந்தல்.

வெர்னாட்ச் ஒயின் வெளிறிய சிவப்பு நிறம். திராட்சைத் தோலில் சாயமும் துவர்ப்பும் குறைவு என்பதால் கருத்த ஒயின்களின் பாரம் இதில் இல்லை. ஆல்கஹால் சுமார் 12 விழுக்காடு. பாதாள அறையில் வருஷக்கணக்கில் வைத்து விலை ஏற்றுகிற சரக்கல்ல. பெரும்பாலும் ஓரிரு வருஷத்துக்குள், லேசாகக் குளிர்வித்து, சாப்பாட்டோடு குடித்துவிடுவது. இலையுதிர் காலத்தில் விவசாயிகள் தங்கள் வீட்டிலேயே புது ஒயினை ஊற்றி, சுட்ட செஸ்ட்நட்டோடு பரிமாறுகிற வழக்கத்துக்கு 'டோர்கெலன்' என்று பெயர். குடிக்கிறவனுக்கு யார் கொடி, யார் கை என்று தெரியும்.

பெயர்கள் கவனிக்கத்தக்கவை. இத்தாலிய மொழியில் 'ஸ்கியாவா' என்றால் அடிமைப் பெண். 'வெர்னாட்ச்', 'வெர்னாகுலுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. 'உள்ளூரில் பிறந்தது' என்று பொருள். அதன் வேரான 'வெர்னா' எஜமானன் வீட்டிலேயே பிறந்த அடிமையைக் குறிக்கும். ஆங்கிலேயன் நமது மொழிகளுக்கு ஒட்டிய 'வெர்னாகுலர்' முத்திரையும் இதே சொல்தான். 1878இல் இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே அது இருந்தது. அதிகாரத்தின் சொல்லாடலில் 'உள்ளூர்' என்பதும் 'கீழானது' என்பதும் வெகுகாலமாக ஒரே படுக்கையில்தான் கிடக்கின்றன.

அந்த நிலமும் இதை அனுபவித்திருக்கிறது. 1919 ஒப்பந்தத்தின் மூலம் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறியது தென் டைரோல். முசோலினி ஆட்சியில் பள்ளியில் ஜெர்மன் தடைசெய்யப்பட்டது. ஊர்ப் பெயர்கள் இத்தாலியமாக்கப்பட்டன. இன்றும் ஒரே ஏரிக்கரை ஒயினுக்கு 'கால்டரர்சே', 'லாகோ டி கால்டாரோ' என்று இரண்டு பெயர்.

1970இல் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது: எந்த எல்லைக்குள் விளைய வேண்டும், எந்தத் திராட்சை எத்தனை பங்கு என்று வரையறுத்தார்கள். ஆனால் சட்டம் மட்டும் எதையும் காப்பாற்றிவிடவில்லை. அக்காலத்தில் அப்பகுதித் தோட்டங்களில் பாதிக்கு மேல் வெர்னாட்ச்தான். விளைச்சலை ஏகத்துக்கும் பெருக்கி, நீர்த்த ஒயினாக, மலிவு விலையில் வெளிநாட்டுச் சந்தைகளுக்குத் தள்ளினார்கள். பெயர் கெட்டது, கொடிகளைப் பிடுங்கி வேறு ரகங்களை நட்டார்கள். இன்று சுமார் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இப்போது சிறு விவசாயிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பழைய கொடிகளில் விளைச்சலைக் குறைத்து, இழந்த மரியாதையை மீட்கப் பார்க்கிறார்கள். லேசாக இருப்பது வேறு, நீர்த்துப்போவது வேறு என்று அவர்கள் கற்ற பாடம் இது.

இனி நமது கலயத்துக்கு வருவோம். பாளையைச் சீவி வடிய விடுகிற சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். ஆல்கஹால் ஐந்து விழுக்காடு அளவுதான். வெர்னாட்சில் பாதிகூட இல்லை. நாள் கடந்தால் காடியாகிவிடும். பதுக்க முடியாது, தூரத்துக்குக் கொண்டுபோக முடியாது. அன்றன்றைக்கு, அந்தந்த மரத்தடியில். மூலதனத்துக்கு இப்படியொரு பண்டத்தின்மேல் என்ன காதல் வரும்?

நமது மதுவிலக்கின் வரலாற்றை இந்தக் கோணத்தில் வாசிக்க வேண்டும். 1937இல் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கியது; 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் கதவு திறந்தது, 1974க்குள் மறுபடி மூடியது, 1981இல் திறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டும் மூடியது. 'இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது' தங்கிவிட்டது. 2003இல் அதன் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் கைக்கு வந்தது. அந்தப் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. ஐந்து குற்றம், நாற்பத்திரண்டு வருமானம்! 'மது' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டையும் அடைத்து, பிறகு உள்ளூர்ப் பண்டத்தை மட்டும் பொறுக்கி வெளியே எறிகிற தந்திரம் இது. 2023இல் கம்பம் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தோம், சரி. பனையை மாநில மரம் என்கிறோம், சரி. பனையில் வடிவது புளித்த மறு நிமிஷம் போலீஸ் கேஸ்.

நான் கள்ளுக்குப் புராணம் பாடவில்லை. குடித்துவிட்டு வருகிறவனிடம் அடி வாங்குகிற பெண்ணிடம் போய் விழுக்காட்டுக் கணக்குச் சொல்வது அயோக்கியத்தனம். கள்ளிலும் போதை மருந்து கலந்து விற்றவர்கள் உண்டு. அதைக் கண்காணித்தே ஆகவேண்டும். முழு மதுவிலக்கு கேட்கிறவர்களோடு நான் விவாதிக்கத் தயார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கலயத்தை உடைத்துவிட்டுப் போத்தலை விற்கிற ஒழுக்கத்தோடு விவாதிக்க எதுவுமில்லை. லேசு என்பது பானத்தின் குணம் மட்டுமல்ல. யார் இறக்கலாம், எங்கே விற்கலாம், யார் பெயரில் என்று தீர்மானிக்கிற விதிகளும் சேர்ந்துதான் ஒரு பானத்தை லேசாக வைத்திருக்கின்றன.

ஏரிக்கரைக் கதையைப் பெரியவருக்குச் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கொடிக்காரன ஊருக்குள்ள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. போத்தல்லயே அவரு பேரப் போடுவாங்க."

"எங்களுக்குப் பேரா? பனையேறிதான்" என்றார். அதை வசவாகவே கேட்டு வளர்ந்த குரல் அது. தடையை நீக்கினால்கூட அந்தக் குரல் தானாக மாறிவிடாது. கள்ளுக்கு அனுமதி கேட்கிற நமது தீர்மானங்களில் இந்தக் கேள்வியையும் எழுதிச் சேர்க்க வேண்டும்.