புக் கிரிக்கெட்டும் மூன்று பகடையும்

கடைசி பெஞ்சில் புக் கிரிக்கெட் ஆடாதவர்கள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் குறைவுதான். பாடப்புத்தகத்தைப் பட்டென்று திறந்தால், இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். பூஜ்யம் என்றால் அவுட். ஆனால் இதில் ஒரு கோளாறு உண்டு. யார் ஆடினாலும் ஐந்தில் ஒரு வாய்ப்பு அவுட்டுக்கு. கவாஸ்கருக்கும் அதே கணக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துச் சந்திரசேகருக்கும் அதே கணக்கு! 58 டெஸ்டுகளில் 242 விக்கெட் எடுத்த சந்திரசேகர் அடித்த ரன்னோ மொத்தம் 167.

அமெரிக்காவின் ஹால் ரிச்மன் பேஸ்பாலுக்கு இந்தக் குறை இல்லாத ஆட்டம் ஒன்றை அமைத்து, 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். ஒவ்வொரு வீரருக்கும், அவர் ஒரு சீசனில் உண்மையில் ஆடிய கணக்கை வைத்து ஓர் அட்டை. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் மூன்று வரை விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்கணும், அதற்கு மேல் என்றால் வீசுபவரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை முடிவைச் சொல்லிவிடும். பழைய சீசன்களின் அட்டைகளும் கிடைப்பதால், முடிந்துபோன ஒரு வருடத்தையே வீட்டு மேசையில் மறுபடி நடத்துகிறார்கள். இப்போது கணினியிலும் ஆடலாம்.

கிரிக்கெட் வீரர்களுக்கும் இப்படி அட்டைகள் செய்துகொண்டால், 1986-ல் சேப்பாக்கத்தில் டையில் முடிந்த இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டையும் இதே முறையில் ஆடிப்பார்க்கலாம். அன்று ஒரு ரன் கூடியிருந்தால் இந்தியா ஜெயித்திருக்கும்.