மரம் ஏறத் தெரியும், தொழில் நடத்தத் தெரியுமா?

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகா இருக்கிறது. கேரளத்தின் கிழக்கு ஓரம் அது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். எங்கும் தென்னந்தோப்பு. எங்கள் படிப்பு மையத்துக்கு மாலையில் வருபவர்களில் ஒருவர் மரம் ஏறுகிறவர். வயது நாற்பது இருக்கும். நான் அவரை அண்ணன் என்பேன். என்னை விட மூத்தவர் என்றாலும் அவர் என்னை டீச்சர் என்பார்.

ஒரு நாள் ஒரு பழைய கார்டைக் கொண்டுவந்து காட்டினார்.

"டீச்சர், இதுல என்ன போட்டிருக்குதுங்க?"

படித்துச் சொன்னேன். அது இன்சூரன்ஸ் கார்டு. 2019 மே 12ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் விழுந்தது அந்த வருசம் ஜூன் நாலாம் தேதிங்க."

23 நாள் வித்தியாசம். மழையில் நனைந்த மரம். கால் எலும்பு முறிந்து நாலு மாதம் வீட்டில் கிடந்தார். மனைவியின் கம்மலை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டினார். கார்டு கையில் இருக்கிறது, பணம் வரும் என்று நம்பியிருந்தார். வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அன்று மாலைதான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கு எண்கள் தெரியும். எந்த எண் எதற்கு என்பதுதான் தெரியாது.

அண்ணனைப் போல மரம் ஏறத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். இந்தத் தொழிலுக்குப் பட்டம் வேண்டாம், பத்தாம் வகுப்புச் சான்றிதழும் வேண்டாம். ஆனால் கூலிக்குப் போவது வேறு. சொந்தத் தொழிலாக நடத்துவது வேறு.

முதலில் கருவியைப் பார்ப்போம். முன்பு காலில் தளைக்கயிறு மாட்டி, மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறினார்கள். நெஞ்சும் தொடையும் தோல் உரிந்துபோகும். இப்போது ஏறும் கருவி வந்துவிட்டது. அதில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று வலது காலுக்கு, ஒன்று இடது காலுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு கம்பிக் கயிறு மரத்தைச் சுற்றிப் பிடிக்கும். ஒரு காலில் நின்றுகொண்டு மறு பக்கத்தை மேலே தள்ள வேண்டும். படி ஏறுவது போலத்தான். இதைக் கண்டுபிடித்தவர் எஞ்சினியர் அல்ல. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி. அதனால் இதைச் செம்பேரிக் கருவி என்றே சொல்கிறார்கள். கருவி வந்த பிறகு பெண்களும் தென்னை ஏறுகிறார்கள். பார்த்துச் சிரித்த ஊரே இப்போது அவர்களைத் தேடிப் போகிறது!

தென்னை வளர்ச்சி வாரியம் என்பது மத்திய அரசின் வாரியம். தலைமை அலுவலகம் கொச்சியில் உள்ளது. இந்த வாரியம் 2011இல் தென்னை ஏறப் பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி 6 நாள். கருவியில் ஏறுவது, மரத்தைச் சுத்தம் செய்வது, பூச்சியைக் கண்டுபிடிப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். நம்ம அண்ணன் 2018இல் இந்தப் பயிற்சிக்குப் போனார். முடித்ததும் கருவி கொடுத்தார்கள். வயது வரம்பு, சேரும் விதி எல்லாம் மாறலாம். அதனால் போகும் முன் கிருஷி பவனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காய் பறிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியில்தான் உங்கள் பெயர் இருக்கிறது. மேலே போனதும் குருத்தைப் பாருங்கள். ஓலை விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருக்கிறதா? அது காண்டாமிருக வண்டின் வேலை. தண்டில் ஓட்டை விழுந்து பழுப்பு நிறச் சாறு வடிகிறதா? அது சிவப்புக் கூன்வண்டு. முதலிலேயே பார்த்தால் மரம் பிழைக்கும். காய்ந்த மட்டை, பன்னாடை, பழைய பாளை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வேப்பம் புண்ணாக்குத் தூளை மணலோடு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் போடலாம். பச்சை மட்டையை வெட்டாதீர்கள். வெட்டிய காயத்தில்தான் கூன்வண்டு முட்டை இடும். தண்டில் கொத்திப் படி வைப்பதும் கூடாது. மரத்தின் சொந்தக்காரரிடம் பார்த்ததைச் சொல்லுங்கள். "காய் மட்டும் போட்டுட்டுப் போறவன் இல்லப்பா இவன்" என்று அவரே நாலு பேரிடம் சொல்வார்.

இனி கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

தென்னையில் 45 நாளுக்கு ஒரு முறை காய் பறிக்கலாம். ஆண்டுக்கு 8 முறை வரும். 45 நாளில் ஞாயிறு, மழை, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் கழித்து 30 நாள் வேலை என்று வைப்போம். ஒரு நாளைக்கு 20 மரம் ஏறினால் 600 மரம். வீட்டுக்குப் பத்து மரம் என்றால் 60 வீடு. அவ்வளவுதான்! ஊரெல்லாம் அலைய வேண்டாம். 60 வீட்டைப் பிடித்து, சொன்ன நாளில் போனால் போதும்.

மரத்துக்கு 40 ரூபாய் என்று வைப்போம். உங்கள் ஊரில் கூடவோ குறையவோ இருக்கும். 20 மரத்துக்கு 800 ரூபாய். அதில் 50 ரூபாயைத் தொடாமல் தனியாகப் போடுங்கள். கம்பிக் கயிறு தேயும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், வேலை இல்லாத நாளும் வரும்.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். அண்ணன் இப்படி எழுதுகிறார்: "கிணத்து மேட்டு வீடு. 12 மரம். ஜூன் 3. 480 ரூபாய். அடுத்தது ஜூலை 18." எழுத்து கோணல்தான். ஆனால் ஜூலை 17ஆம் தேதியே போன் போட்டு, "நாளைக்கு வர்றனுங்க" என்கிறார். முன்பு அந்த வீட்டுக்காரர்தான் இவரைத் தேடுவார்.

பணம் கடனாக வேண்டுமானால் வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள். 2015இல் வந்த திட்டம். சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை தருவார்கள். ஈடு கேட்கக் கூடாது. ஆனால் கருவி ஒன்றுக்காக மட்டும் கடன் வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வண்டி வாங்குவதானால் யோசிக்கலாம்.

மா, பலா, முருங்கை எனக் கிளை வெட்டவும் கூப்பிடுவார்கள். தென்னைக் கருவி அங்கே உதவாது. கயிறும் இடுப்பு பெல்ட்டும் தேவை. கிளை எங்கே விழும் என்று முதலில் பார்த்து, கீழே ஒருவரை நிறுத்துங்கள். சாலையோர மரம் அரசாங்கத்துடையது. சந்தன மரம் சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஈட்டி, தேக்கு என்றாலும் வனத்துறையில் கேட்ட பிறகே அரிவாளை எடுங்கள். வீட்டுக்காரர் "நான் பாத்துக்கறேன்" என்பார். வழக்கு வந்தால் வெட்டியவர் பெயரும் அதில் இருக்கும்.

மின்கம்பி பக்கத்தில் போகிறதா? அப்படியானால் ஏறவே ஏறாதீர்கள். பச்சை ஓலையிலும் மின்சாரம் பாயும். இரும்புத் தோட்டி தொட்டாலும் பாயும். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான் வேலை. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால், அந்த 40 ரூபாய் போகட்டும்.

கடைசியாக இன்சூரன்ஸ். தென்னை வாரியத்தின் கேர சுரக்ஷா மரம் ஏறுகிறவர்களுக்கானது. பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் ஆண்டுப் பணத்தை வாரியமே கட்டியது. பிறகு ஆண்டுதோறும் நாம் விண்ணப்பித்து நம் பங்கைக் கட்ட வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். இதோடு வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமாவும் எடுக்கலாம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். இதன் ஆண்டு ஜூன் 1இல் தொடங்கி மே 31இல் முடியும். பணத்தைக் கணக்கிலிருந்து வங்கியே எடுத்துக்கொள்ளும். மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் இல்லை!

உங்கள் கார்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு தேதி இருக்கும். முதல் தேதி தொடங்கும் நாள். இரண்டாவது முடியும் நாள். அந்த இரண்டாவது தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

அண்ணன் நோட்டில் எழுதவில்லை. கருவியின் கைப்பிடியில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவர் கண்ணுக்கு நேராக அந்தத் தேதி இருக்கிறது.