பெஞ்சுக்கு அடியிலிருந்து கரும்பலகைக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் போனக்காடு வரும். பேருந்துச் சாலை அங்கே முடிந்துவிடும். அதற்கு மேல் காடும், 1868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடமும்தான். நாம் பொதிகை என்று சொல்லும் மலையும் இதுதான். கிழக்குப் பக்கம் இறங்கும் தாமிரபரணி பாபநாசம் வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குப் போகிறது. மேற்குப் பக்கம் இறங்கும் கரமனையாறு திருவனந்தபுரத்துக்குப் போகிறது. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே தேயிலை பயிரானபோது கிழக்குப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மேற்குப் பக்கத்துக்குக் கொழுந்து கிள்ள வந்தன. லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியேறின. பிள்ளைகள் பெற்றன. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

இப்படிப்பட்ட ஒரு மலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் மனிதரை மிஞ்சிய வீரர் யார் என்று கேட்டால், பதில் தலைக்கு மேலேயே இருந்தது. அகத்தியர் கடலை அள்ளிக் குடித்தவர். விந்தியத்தை அடக்கியவர். வடக்கே சாய்ந்த பூமியைத் தெற்கே வந்து நின்று சமன் செய்தவர். அத்தனையும் செய்தவர் குறுமுனி, ஆள் குள்ளம். காலை வணக்க வரிசையில் எப்போதும் முதலில் நிறுத்தப்படும் பையனுக்கு இதைவிட ஆறுதலான வீரர் கிடைப்பது அரிது. இவருக்குத் துணையாக, ஊரிலிருந்து குடும்பங்கள் நெஞ்சில் சுமந்து வந்த சுடலைமாடனும் இசக்கியம்மனும் இருந்தார்கள். இவர்கள் எல்லாரும் பாட்டிமார் வாயில் வாழ்ந்தார்கள். வகுப்பறைக்குள் அவர்களுக்கு இடமில்லை. அங்கே சிலேட்டும் வாய்ப்பாடும் ஒப்பித்தலும் மட்டுமே.

பள்ளிக்கூடமே தோட்டத்தின் பொறுப்பாக இருந்த காலம் அது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களின் 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் 25-க்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்யும்படி முதலாளியைக் கேட்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. கொழுந்து நிறுக்கும் கணக்கோடு பிள்ளைகளின் தலைக்கணக்கும் சேர்ந்தே எழுதப்பட்டது.

பாட்டியின் வீரர்களுக்குப் பக்கத்தில் அச்சில் வந்த வீரர்கள் சேர்ந்தது 1972-இல். அந்த ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை வெளியிட்டது. 1962 முதல் இங்கிலாந்தின் சிறுவர் வார இதழொன்றில் வந்த பாத்திரம் அது. ஆய்வகத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். தமிழ்ப் பிள்ளைகள் இதை நம்பிய அளவுக்கு வேறெதையும் நம்பவில்லை என்றே சொல்லலாம். பிளக் ஓட்டையில் விரலை விடப்போய் அடி வாங்கிய கதை, அந்தத் தலைமுறையில் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும்.

ஒரு புத்தகம் எத்தனை கை மாறியது என்பதை இன்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வகுப்புக்கு வந்து சேரும்போது அட்டை போயிருக்கும். பெரும்பாலும் முதல் நாலைந்து பக்கமும் போயிருக்கும். கதை நடுவிலிருந்துதான் தொடங்கும். புத்தகத்தை வைத்திருப்பவன் போன பக்கங்களைத் தானே இட்டுக்கட்டிச் சொல்வான். அடுத்த வாரம் அதே புத்தகம் இன்னொருவன் கைக்குப் போனதும் முதல் நாலு பக்கம் வேறு கதையாகிவிடும். சமூக அறிவியல் நோட்டுக்குள் செருகி, பெஞ்சுக்கு அடியில் தொடைமேல் விரித்து, ஒருவன் விரல் வைத்து முணுமுணுக்க, இரண்டு பக்கமும் இரண்டு தலைகள் சாய்ந்திருக்கும். அந்தத் தலைகளில் ஒன்றுக்கு இன்னும் சரளமாக எழுத்துக் கூட்டத் தெரியாது. அடுத்த கட்டத்தில் மாயாவிக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளவே அது எழுத்துக் கூட்டப் பழகியது. ஆசிரியர் கண்ணில் பட்டால் புத்தகம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும், திரும்பி வராது.

பிடுங்கிய ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. உலகமே அப்படித்தான் நினைத்தது. சூப்பர்மேன் 1938-இல் அமெரிக்காவில் பிறந்தான். 1954-இல் அங்கே பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று நூலே எழுதினார். அதே ஆண்டு பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதி வகுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் மழலையர் பள்ளிகளில் வீரர்களாக நடிக்கும் விளையாட்டுக்கும் பொம்மைத் துப்பாக்கிக்கும் இருந்த தடை இன்னும் நெடுங்காலம் நீடித்தது. அந்தத் தடை பிள்ளைகளுக்கு, முக்கியமாகச் சிறுவர்களுக்கு, நன்மை செய்கிறதா என்று பென்னி ஹாலண்ட் என்பவர் தம் நூலில் கேட்டது 2003-இல்தான்.

இடையில் தொலைக்காட்சி வந்தது. 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் சக்திமான் சுழன்றபோது, இந்தி புரியாத பிள்ளைகளும் கூடவே சுழன்றார்கள். தம்மைக் காப்பாற்ற அவன் வருவான் என்று நம்பி ஆபத்தில் இறங்கிய பிள்ளைகளைப் பற்றிச் செய்திகள் வந்தன. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அவனே திரையில் தோன்றி, நல்ல பழக்கங்களையும் எச்சரிக்கைகளையும் சொன்னான். ஆசிரியரின் இடத்தை ஒரு வீரன் ஏற்றுக்கொண்டது அநேகமாக அங்கேதான் தொடங்கியது. கேரளத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு செல்வமும் இருந்தது. பாலரமா இதழில் 1984 முதல் வந்த குட்டிச்சாத்தான் மாயாவி, ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் ஓடி வருவான். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசிய பிள்ளைகளுக்கு இரண்டு மாயாவிகள் கிடைத்தார்கள்.

இன்று அந்த வீரன் பெஞ்சுக்கு அடியிலிருந்து எழுந்து கரும்பலகைக்கு வந்துவிட்டான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரே கருப்பொருளை எடுத்துக்கொண்டு எல்லாப் பாடங்களையும் அதைச் சுற்றி நடத்தும் முறை இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் வெகு காலமாக இருக்கிறது. அதில் சூப்பர்ஹீரோ ஒரு நிரந்தரத் தலைப்பு. பிள்ளை தனக்கென ஒரு வீரரைப் படைக்கிறது. பெயர், ஆற்றல், பலவீனம், செய்யும் ஒரு நற்செயல் என்று எழுதுகிறது. மொழிப்பாடத்தில் அது வருணனை ஆகிறது. கணக்கில், எத்தனை சென்டிமீட்டர் தாண்டுகிறாய் என்று அளக்கிறார்கள். அறிவியலில், வீரனின் தோள்போர்வை மழையில் நனையாதிருக்க எந்தத் துணி ஏற்றது என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார்கள். நம் நகரங்களின் தனியார் பள்ளிகளிலும் இது பரவியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் இதே பெயரில் இல்லாவிட்டாலும் மனநிலை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் பொம்மையையும் பாட்டையும் நடிப்பையும் முதல் மூன்று வகுப்புகளுக்குள் கொண்டுவந்தது. கேரளத்தில் முன்தொடக்க வகுப்புகளுக்கான வர்ணக்கூடாரம் திட்டம் பள்ளிச் சுவரையே சித்திரக்கதையாக்கியது. 2020 ஜூன் 1 அன்று, கொரோனா காலத்துத் தொலைக்காட்சி வகுப்பில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூனைக் கதை சொன்ன ஆசிரியை சாய் சுவேதா ஒரே நாளில் கேரளம் முழுக்கத் தெரிந்தவரானார். அன்று பிள்ளைகளின் வீரர் ஓர் ஆசிரியையேதான்.

இந்த மாற்றம் நல்லதா என்பதற்கு ஆய்வுகளும் ஒரே பதில் தரவில்லை. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், 4 வயதும் 6 வயதும் உள்ள 180 பிள்ளைகளுக்கு அலுப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து 10 நிமிடம் விட்டார்கள். அலுத்தால் பக்கத்தில் விளையாட்டு உண்டு. தன்னை பேட்மேனாகவோ தனக்குப் பிடித்த வேறொரு பாத்திரமாகவோ பாவித்துக்கொண்டு, ‘பேட்மேன் நன்றாக வேலை செய்கிறானா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்ட பிள்ளைகள்தாம் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு 240 மழலையரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தது. வீரர்களில் மிகவும் ஊறிப்போன பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடியிருந்தது. எளியவருக்குப் பரிந்து நிற்கும் குணம் கூடவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: வேடம் உதவுகிறது, வெறுமனே பார்ப்பது உதவவில்லை. வேடத்துக்குள் பிள்ளை எதைச் செய்கிறது என்பதைக் கவனிக்க ஓர் ஆசிரியர் அருகில் இருக்க வேண்டும்.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே கிடைத்தவை குறைவல்ல. படிப்பில் பின்தங்கிய பிள்ளையும், தன் வீரனைப் பற்றிப் பேசச் சொன்னால் எழுந்து நிற்கிறது. புத்தகத்தை ஒளிக்கும் குற்ற உணர்வு போயிற்று. பெண் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. அந்தக் காலத்துக் கதைகளில் அவர்கள் பெரும்பாலும் காப்பாற்றப்படுபவர்கள். லயன் காமிக்ஸ் 1984-இல் தன் முதல் இதழையே மாடஸ்டி என்ற பெண்ணின் சாகசத்தோடு தொடங்கியது ஓர் அரிய விதிவிலக்கு. இன்றைய வகுப்பில் போர்வையைத் தோளில் முடிந்துகொண்டு முதலில் வருவது சிறுமிதான். வீரன் நம் ஊருக்கும் வந்துவிட்டான். 2021-இல் வந்த மின்னல் முரளி படத்தில் இடி விழுந்து ஆற்றல் பெறுபவன் மலைநாட்டுச் சிற்றூரின் தையல்காரன், உடுப்பது வேட்டி.

போனவையும் உண்டு. முதல் நாலு பக்கம் கிழிந்த புத்தகம் பிள்ளையைக் கதைசொல்லியாக்கியது. எல்லாப் பக்கமும் வண்ணத்தில் ஓடும் திரை அந்த வேலையை அதற்குக் கொடுப்பதில்லை. அன்று அப்பாவின் துண்டுதான் போர்வை. இன்று வேடநாள் என்று பள்ளி அறிவித்தால் கடையில் உடை வாங்க வேண்டும். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்று வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்துவிடும். இது எனக்கு மிகவும் உறுத்தும் இழப்பு. துண்டை மட்டும் அனுமதிக்கும் ஒரே ஒரு விதியால் எந்தப் பள்ளியும் இதைத் தீர்த்துவிடலாம். பெரியவர்கள் கையில் அகப்படாத ஒரு தனி உலகம் பிள்ளைகளிடம் இருந்ததும் போயிற்று. மதிப்பெண் போடப்படும் வீரன் முன்போல் முழுக்க அவர்களுடையவன் அல்லன்.

கேரள வகுப்பறைகளுக்கு 2018 ஒரு திருப்பம். மே மாதம் நிபா நோயாளியைப் பராமரித்து, அதே நோயில் உயிர்நீத்தார் பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர் லினி. ஆகஸ்டு வெள்ளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தார்கள். 600-க்கும் மேற்பட்ட படகுகள் களத்தில் இறங்கின. பெண்கள் படகில் ஏற, தண்ணீரில் குனிந்து தன் முதுகைப் படியாக்கினார் மலப்புறத்து மீனவர் ஒருவர். நமக்கு உதவுபவர்கள் என்று பழைய பாடநூல்களில் தபால்காரரும் மருத்துவரும் வரிசையாக நின்ற படத்தில் இல்லாத உயிர் இவர்களிடம் இருந்தது. இவர்களை வரைந்த பிள்ளைகளுக்குப் போர்வை வரையத் தேவைப்படவில்லை.

போனக்காட்டில் ஆலை நின்று ஆண்டுகள் பல ஆகின்றன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, குடும்பங்கள் பல கீழே இறங்கிவிட்டன. இருக்கும் லயங்களில் சில இடிந்து கிடக்கின்றன. அன்று பள்ளிக்குப் பொறுப்பு தோட்டம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் பொறுப்பு அரசினுடையது. பிள்ளையின் உரிமை உறுதியாயிற்று, பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்கிற்று. வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைத் தேடி வருவது இப்போது பெரும்பாலும் ஒரு பாழடைந்த பங்களாவைப் பார்க்க. அதில் ஆங்கிலேயச் சிறுமியின் ஆவி உலவுகிறது என்று இணையத்தில் கதை கட்டிவிட்டார்கள். பக்கத்து லயங்களில் மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் உயிரோடு இருக்கும் சிறுமிகளைப் பற்றி அந்தக் கதைகளில் ஒரு சொல்கூட வருவதில்லை.

இங்குள்ள ஒரு வகுப்புக்கு வீரர் என்ற தலைப்பு கொடுத்தால் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. 1987-இல் அகத்தியர் மலைக்காட்டில் நடந்த அறிவியலாளர்கள் களைத்து உட்கார்ந்தார்கள். உடன் வந்த காணிப் பழங்குடியினர் ஒரு செடியின் பழத்தைத் தின்றபடி களைப்பே இல்லாமல் நடந்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே அந்தச் செடியைக் காட்டினார்கள். அது ஆரோக்கியப்பச்சை. பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் அதன் உரிமத்தை 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தபோது, கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. பழங்குடி அறிவுக்கு அப்படிப் பங்கு தந்ததை உலகம் திரும்பிப் பார்த்தது. 2019 ஜனவரியில், பெண்களுக்கான தடையை நீக்கிய உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், பெண்கள் முதன்முறையாக முறைப்படி அனுமதி பெற்று இதே போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூடம் ஏறினார்கள். ஆற்றல் தரும் பழம், அதைக் கண்டு சொன்ன காட்டு மனிதர், தடுக்கப்பட்ட சிகரம், அதில் ஏறிய பெண், கடலைக் குடித்த குறுமுனி: ஒரு சூப்பர்ஹீரோ வாரத்துக்கு வேண்டியதெல்லாம் பள்ளியிலிருந்து பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. பாடநூலில் இல்லை. அதைத் திரட்டி நாலு பக்கச் சித்திரக்கதையாக அச்சிட்டுத் தர கல்வித் துறைக்குப் பெரிய செலவு ஆகாது. முதல் நாலு பக்கத்தைப் பிள்ளைகளே எழுதட்டும் என்று காலியாக விட்டாலும் நல்லதே.