நேராக அடித்த பந்து ஏன் வலப்பக்கம் ஓடுகிறது?

சென்னை நந்தனத்தின் காஸ்மோ கோல்ஃப் மைதானத்தில் 'ஸ்லைஸ்' தெரியாத ஆட்டக்காரர் இருக்க முடியாது. வலக்கைக்காரர் டிரைவர் மட்டையால் ஓங்கி அடிக்கிறார். பந்து பாதித் தூரம் ஒழுங்காகப் போய், பிறகு வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் மறைகிறது.

காற்றின் மேல் பழி போட வேண்டாம். மட்டை வீசப்படும் பாதையைவிட அதன் முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்தின் சுழல் அச்சு சாய்ந்துவிடும். சுழலும் பந்து காற்றை ஒருபக்கம் ஒதுக்க, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. இதுதான் மேக்னஸ் விளைவு. டென்னிஸ் பந்தைச் சுழற்றி வீசும் பையன்களுக்கு இது கைவந்த வித்தை. சாய்ந்த மட்டையில் பட்ட டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டன் 1672-லேயே எழுதியிருக்கிறார்.

டிரைவரை மாற்றினால் சரியாகுமா? ஓரளவுக்கு.

பந்தை இடப்பக்கம் வளைக்க உதவும் 'டிரா' வகை டிரைவர்களில் தண்டு செருகியிருக்கும் பக்கம் எடை கூடுதலாக இருக்கும். முகம் சற்று எளிதாக மூடும். 9 டிகிரிக்குப் பதில் 10.5 அல்லது 12 டிகிரி லாஃப்ட் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) எடுத்தால் பின்சுழல் கூடி, அச்சின் சாய்வு குறையும். விதிப்படி மட்டையின் தலை 460 கன செ.மீ. வரை இருக்கலாம். பெரிய தலை, ஓரத்தில் பட்டாலும் அதிகம் திருகாது. ஆனால் வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டும் வீச்சை எந்தக் கடைக்காரரும் மாற்றித் தரமாட்டார்.

வாங்குமுன் மட்டையின் முகத்தில் பவுடர் தூவி நாலைந்து பந்து அடித்துப் பார்க்கலாம். தடம் தண்டுப் பக்கமே விழுந்தால், பந்து முகத்தின் நடுவில் பட, முதலில் குட்டையான தண்டைக் கேட்க வேண்டும்.