வலி தெரியாத பாதம்

செருப்பு காலைவிட்டுக் கழன்று விழுந்ததே தெரியவில்லை என்று மருத்துவரிடம் சொல்லும் சர்க்கரை நோயாளிகள் நிறையப் பேர். சிலருக்குப் பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கும். சிலருக்கு இரவானால் உள்ளங்கால் எரியும்.

இந்த நரம்புக் கோளாறு பெரும்பாலும் கால்விரல்களில்தான் தொடங்குகிறது. விரல் நுனியின் தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பு செல், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் ஒற்றை இழையை அந்த ஒரே செல் பேணியாக வேண்டும். ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் கூடி நிற்கும் சர்க்கரை இழையையும் கெடுக்கிறது, அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. முதலில் பட்டுப்போவது கடைக்கோடி முனை.

உணர்விழந்த உறுப்புக்கு என்ன நேரும் என்பதை மருத்துவ உலகம் தெளிவாகக் கற்ற இடங்களில் ஒன்று வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே அன்று பலரும் நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. கிருமி நரம்பைத்தான் கொல்கிறது. சூடு தெரியாமல் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பதாலும், காயத்தின் மேலேயே நடப்பதாலும்தான் விரல்கள் போகின்றன. தூக்கத்தில் எலி கடிப்பதுகூடச் சிலருக்கு உறைக்கவில்லை. அதனால் வீடு திரும்புகிறவர்களிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்! தொழுநோயாளிகளின் பாதத்தைக் காக்க அங்கே பயன்பட்ட மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான், ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குகிறார்கள்.

கால் மரத்துப்போனால் சர்க்கரை மட்டுமே காரணம் என்று இருந்துவிடக் கூடாது. தொடர்ந்த குடி, தைராய்டு குறைவு, சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் நரம்பைக் கெடுக்கும். பி12 வைட்டமின் குறைந்தாலும் கால் மரக்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிட்டால் பி12 குறையக்கூடும். இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட்டால் எளிதில் ஈடுகட்டலாம் என்பதால், இதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. காசநோய்க்கான ஐசோனியசிட் மாத்திரையோடு பி6 சேர்த்துக் கொடுப்பதும் நரம்பைக் காக்கத்தான்.

சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையை 10 கிராம் அழுத்தத்தில் வளையும்வரை பாதத்தில் வைப்பார்கள். கண்ணை மூடியிருப்பவர் தொட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர், உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.